மாயக் கோணமாம், மண்ணாங்கட்டியாம்

"ஐயா, நேரமாகிவிட்டது, கேள்வி போதும்" என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவனுக்கு, உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடும் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் கோபம் வந்தது. நல்ல வேளையாக இந்த வலைப்பூ என்னுடையது. இங்கே மணி அடிக்க ஆளில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு கல்லூரியில் அறிவியல் சொற்பொழிவு. பொதுமக்களும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். "மாயக் கோணம்: உலகின் அதிவேகச் சுழற்சி" என்பது தலைப்பு. என் மகள் வயிற்றுப் பேத்தி இந்தத் துறையில்தான் பிஎச்.டி. செய்கிறாள். திடப்பொருள் என்.எம்.ஆர். என்று பெயர். மூன்று வருடமாகப் போனில் அவள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஓய்வுபெற்ற ஒரு யு.டி.சி.க்குத் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எனக்கு அது தெரியும். அதனால் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பேச்சாளர் இளைஞர். நன்றாகத்தான் பேசினார், தமிழும் சுத்தம். கடைசியில் ஒரு படம் போட்டார். கீழே வருடங்கள், பக்கத்தில் சுழற்சி வேகம்: நொடிக்கு 15,000 சுற்று, 24,000, 67,000, 1,11,000. மேலே மேலே ஏறும் ஒரு சிவப்பு அம்பு. "இன்னும் ஏறும்!" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். "இதுதான் சயின்ஸ் செய்யும் மேஜிக்" என்று முடித்தார். அங்கேதான் நான் எழுந்தேன்.

என் சண்டை அவரோடு இல்லை. அந்தப் படத்தோடும், அந்தச் சொல்லோடும்தான்.

முதலில், விஷயம் தெரியாத நண்பர்களுக்காக. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் நம்மில் பாதிப் பேர் படுத்து எழுந்தவர்கள்தான். அந்த எம்.ஆர்.ஐ.க்கு அண்ணன் இந்த என்.எம்.ஆர். சில அணுக்களின் கரு, ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. பலமான காந்தத்துக்குள் அதை வைத்து ரேடியோ அலையால் தட்டினால் பதிலுக்குக் குரல் கொடுக்கும். பக்கத்தில் எந்த அணு இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுருதி கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்தச் சுருதிகளைப் பிரித்துக் கேட்டால் மூலக்கூறின் அமைப்பு தெரிந்துவிடும்.

திரவத்தில் இது சுலபம். மூலக்கூறுகள் உருண்டு புரண்டுகொண்டே இருப்பதால் பக்கத்துக் காந்தங்களின் தொல்லை சராசரியாகிக் காணாமல் போகும். சுருதி ஊசி மாதிரி கூர்மையாக வரும். திடப்பொருளில் எல்லாம் இறுகிக் கிடக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக் கிடக்க, பக்கத்து அணுவின் தொல்லை திசைக்குத் திசை மாறுகிறது. எல்லாம் சேர்ந்து கேட்கும்போது சந்தை இரைச்சல்தான். கூர்மையான ஊசிகளுக்குப் பதில் ஒரே மேடு.

இதற்கு மருந்தாக வந்ததுதான் சுழற்றல். பொடியை ஒரு சின்னக் குழாயில் அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.74 பாகை சாய்வில் வைத்து வேகமாகச் சுற்றினால், திரவத்தில் தானாக நடக்கும் சராசரி திடத்திலும் நடக்கிறது. 1958, 59இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் ரேமண்ட் ஆண்ட்ரூவும் அவருடைய சகாக்களும் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் லோ என்பவர் 1959இல் தனியாகக் கண்டார். அந்த 54.74க்குத்தான் மாயக் கோணம் என்று பெயர்.

ஏன் மாயம்? என்ன மாயம் இருக்கிறது அதில்?

ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் காபிக்குப் போட்டுக்கொள்ளும் சதுரக் கட்டி. அதை ஒரு முனையில் நிற்க வையுங்கள். கீழ்முனையிலிருந்து நேர் மேலே எதிர்முனைக்கு ஒரு கம்பி குத்துங்கள். கீழ்முனையிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகளும் அந்தக் கம்பியோடு ஒரே கோணத்தில் நிற்கும். அளந்து பாருங்கள், 54.74 பாகை. இப்போது அந்தக் கம்பியையே அச்சாக்கிக் கட்டியைச் சுற்றுங்கள். காந்தப்புலம் ஒரு விளிம்பு நிற்கும் திசையில் இருந்தால், சுற்றச் சுற்ற மூன்று விளிம்புகளும் மாறி மாறி அந்த இடத்துக்கு வரும். மூன்று பேருக்கும் சமபங்கு. ஒரு திசைக்கும் சலுகை இல்லை, அதனால் திசையால் வந்த தொல்லை கழிந்துபோகிறது. பாகப்பிரிவினை பத்திரம் எழுதத் தெரிந்தவனுக்கு இது புரியும். கணக்காக வேண்டுமென்றால் கோசைனின் வர்க்கம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் அதை "கொசினுஸ்" என்று சொல்லிக் கொடுத்தார், இன்றைக்கும் வாயில் அப்படித்தான் வரும், பேத்தி சிரிப்பாள். பிரெவே பரீட்சைக்குப் படித்த வடிவகணிதம் போதும் இதற்கு. மந்திரவாதி தேவையில்லை.

இந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பதும் ஒரு கதை. 1960இல் இத்தாலியின் பீசா நகரில் நடந்த மாநாட்டில் ஆண்ட்ரூ இதை விளக்கினார். ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்ட்டர் கேட்டுவிட்டு, இது மாயம் என்று வியந்து சொன்னார். ஆண்ட்ரூவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று, வைத்துக்கொண்டார். சொன்னவர் யார் என்று பாருங்கள். அணுக்கருவின் இந்தக் குரலைக் கேட்க 1936இல் முயன்று தோற்றவர், 1942இல் மறுபடியும் முயன்று மறுபடியும் தோற்றவர். 1945 கடைசியிலும் 46 தொடக்கத்திலும் அமெரிக்காவில் பர்செல் குழுவும் பிளாக் குழுவும் அதைக் கேட்டுவிட்டார்கள், 1952இல் நோபலும் வாங்கினார்கள். இரண்டு முறை கை நழுவவிட்ட மனிதர், இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று அறிந்து, இன்னொருத்தனைப் பார்த்து மாயம் என்று சொன்னால் அது பாராட்டு. பழுத்த சமையல்காரர் இன்னொரு சமையல்காரரின் ரசத்தைக் குடித்துவிட்டு "என்னய்யா மாயம் பண்ணினாய்" என்று கேட்பது போல. அடுப்படியே பார்க்காத நாம் அதைப் பிடித்துக்கொண்டு, சொல்லை மட்டும் தமிழாக்கி, பிள்ளைகளுக்கு "மாயக் கோணம்", "மந்திரக் கோணம்" என்று கொடுத்தால் அது வேறு. பிள்ளை என்ன நினைப்பான்? யாரோ ஒரு மேதை, ஒரு ரகசிய எண், அப்புறம் எல்லாம் தானாக நடந்தது என்றுதான் நினைப்பான்.

இன்னொன்று. மாயம் என்றால் ஒரு கோணம் போதுமே? சில அணுக்கருக்களுக்கு, அலுமினியம், ஆக்சிஜன்-17 மாதிரி உள்ளவைக்கு, இந்த ஒரு கோணம் போதாது. மிச்சம் நிற்கும் அகலத்தைப் போக்க 30.56 பாகை என்ற இன்னொரு கோணமும் வேண்டியிருந்தது. அதற்காக 1988இல் எஸ்டோனியாக்காரர் ஆகோ சாமோசனும் லிப்மாவும், அமெரிக்காவின் பைன்ஸும் சேர்ந்து, ஒரு ரோட்டாருக்குள் இன்னொரு ரோட்டாரை வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் சுற்றினார்கள். சுழலும் பம்பரத்தின் வயிற்றுக்குள் இன்னொரு பம்பரம். மந்திரத்தால் ஆகிற வேலையா அது?

என்னைக் கேட்டால் தமிழில் "மூலைவிட்டக் கோணம்" என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் மூலைவிட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயரைக் கேட்டதுமே சர்க்கரைக் கட்டி கண்ணில் வரும். யார் ஏற்கப்போகிறார்கள், தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது சண்டைதான் பெரிது. அந்தச் சிவப்பு அம்பு.

வீட்டுக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். பேச்சாளர் வேகத்தைச் சொன்னாரே தவிர, எந்தக் குழாய் எவ்வளவு பருமன் என்று சொல்லவில்லை. பேத்தியிடம் கேட்டு வாங்கினேன். 15,000 சுற்றுகிற குழாய் 4 மில்லிமீட்டர் விட்டம். 24,000 சுற்றுகிறது 3.2 மி.மீ. 67,000க்கு 1.3 மி.மீ. கடைசி 1,11,000க்கு 0.7 மி.மீ. சுற்றளவை வேகத்தால் பெருக்கினால், குழாயின் வெளிச்சுவர் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று வரும். முதலாவது 188. இரண்டாவது 241. மூன்றாவது 274. நான்காவது, கை தட்டல் வாங்கியது, 244.

முந்தினதைவிடக் குறைவு! சரியாகப் பெருக்கினேனா என்று மூன்று தரம் பார்த்தேன். கஜானா கணக்கு பார்த்த கை.

ஆக, மேலே மேலே ஏறிய அம்பு எங்கே? சுவரின் வேகம் 4 மி.மீ. காலத்திலிருந்து ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. குழாயைச் சுற்றுவது காற்று. காற்றைப் பீய்ச்சி, குழாயின் நுனியில் உள்ள இறக்கைகளைத் தள்ளிச் சுற்றுகிறார்கள். குழாயைத் தாங்குவதும் காற்றுதான். சுவருக்கும் தாங்கிக்கும் நடுவில் தலைமுடி நுழையாத இடைவெளியில் காற்றுப் படலம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். சுவரின் வேகம் அதை நெருங்க நெருங்க ஒத்துழைப்பு போய்விடும். சுவரைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசையும் இந்தச் சுவர் வேகத்தைத்தான் பொறுத்தது. அதனால் சுவர் வேகத்தைக் கூட்டி ஜெயிக்க வழியில்லை. குழாயைச் சின்னதாக்கித்தான் ஜெயிக்க முடியும். சின்னப் பிள்ளை தாத்தாவோடு நடக்கும்போது அதே தூரத்துக்கு எத்தனை அடி வைக்கும்? அந்தக் கணக்கு.

இதைப் பேத்தியிடம் சொன்னேன், வெற்றி பெற்ற குரலில். அவள் என்னை ஒரே வரியில் மடக்கினாள். "தாத்தா, அணுக்கருவுக்கு உங்கள் சுவர் வேகம் தெரியாது. நொடிக்கு எத்தனை சுற்று என்பது மட்டும்தான் தெரியும்."

சரிதான். ஒத்துக்கொள்கிறேன். அணுக்கருவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கொடுக்கும் தொல்லையையும் நொடிக்கு இத்தனை ஆயிரம் என்றுதான் அளக்கிறார்கள். ஹைட்ரஜன் நெருக்கமாக நிறைந்த பொருளில் அது பல பத்தாயிரம். சுழற்சி அதைவிட மெதுவாக இருந்தால் சராசரி முழுதாக நடக்காது. அதனால்தான் ரொம்ப காலம், புரதத்தை ஆராய வேண்டுமென்றால் கனநீரில் வளர்த்து, பெரும்பாலான ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியம் வைக்க வேண்டியிருந்தது. செலவு, காலம், எல்லாப் புரதமும் அப்படி வளரவும் செய்யாது. 1,00,000 சுற்றைத் தாண்டியதும் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 2016இல் பிரான்சின் லியோன் நகரத்துக் குழுவினர் கனநீர் வேலை எதுவும் செய்யாத சாதாரணப் புரதத்தை, அதுவும் சுமார் அரை மில்லிகிராம் மட்டும் வைத்து, அமைப்பைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பழைய 4 மி.மீ. குழாயில் ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் அடைக்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் இழைகள் படிகமாக வளர மாட்டேன் என்கின்றன, திரவத்தில் கரையவும் மாட்டா. அவற்றைப் பார்க்க இந்த வழி பெரிய துணை. ஒரே மருந்து இரண்டு விதமாகப் படிகமானால் ஒன்று உடம்பில் கரையும், இன்னொன்று கரையாது. மாத்திரையை உடைக்காமல், கரைக்காமல் எது என்று சொல்லவும் இது உதவும். நான் தினமும் ஐந்து மாத்திரை விழுங்குகிறவன், எனக்குத் தெரியாதா இதன் அருமை.

ஆகவே சுற்று எண்ணிக்கை கூடியது உண்மை, பலனும் உண்மை. நான் கேட்பது, கூட்டியது எது என்று. "வேகம்" என்று சொன்னால் பெரிய மோட்டார் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று பிள்ளை நினைப்பான். நடந்தது வேறு. அரிசிமணி கனத்தைவிட மெல்லிசான குழாயை, சிர்கோனியா என்ற பீங்கான் சாதியில், உள்ளே குடைந்து, வட்டம் பிசகாமல், எடை ஒரு பக்கம் சாயாமல் கடைந்திருக்கிறார்கள். 0.7 மி.மீ. குழாய் 1,11,000 சுற்றும்போது சுவரில் உள்ள ஒவ்வொரு துணுக்கும் புவியீர்ப்பைப் போல ஒரு கோடியே எழுபது லட்சம் மடங்கு முடுக்கத்தைத் தாங்குகிறது. அது கடைசல்காரனின் சாதனை. அந்த அம்பு மேலே போகக் கூடாது, கீழே போக வேண்டும்: 4, 3.2, 1.3, 0.7.

அந்தக் கடைசல்காரர்களைப் பற்றித்தான் பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. என் மூன்றாவது கேள்வி அதுதான், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

காற்றால் தூக்கி, காற்றாலேயே சுற்றும் இந்த யோசனை ஆண்ட்ரூவுடையது அல்ல. அதற்கு முப்பது வருடம் முன்பே வந்தது. 1925இல் எமில் ஆன்ரியோ என்ற பிரெஞ்சுக்காரரும் உய்க்னார் என்பவரும் பாரீஸ் அறிவியல் அகாதமியின் வெளியீட்டில் ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒரு சின்னக் கூம்பு. கீழே காற்றுத் தாரைகள். கூம்பு எதையும் தொடாமல் மிதந்தபடி சுற்றுகிறது. அச்சு கிடையாது, ஆணி கிடையாது. பம்பரம்தான், சாட்டைக்குப் பதில் காற்று. நொடிக்கு 11,000 சுற்று வரை கொண்டுபோனார்கள். ஆன்ரியோ பிரஸ்ஸல்ஸில் பேராசிரியராக இருந்தவர். 1927 சோல்வே மாநாட்டுப் படம் பார்த்திருப்பீர்கள், ஐன்ஸ்டீன், மேரி கியூரி எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே, அதில் பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் இவர்தான். முதலாவதாக நிற்பவர் ஓகுஸ்ட் பிக்கார். டின்டின் கதைகளில் வரும் புரொஃபசர் தூர்னெசோலுக்கு மாதிரி அவர்தான். எங்கள் காலத்துப் பையன்களுக்குப் பிக்காரைத் தெரியும். ஆன்ரியோவை எனக்கும் போன வருடம் வரை தெரியாது.

பிறகு அமெரிக்காவில், வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸ் இந்தப் பம்பரத்தை வளர்த்தார். அவர் பெயர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பழைய கூம்பு வடிவ ரோட்டார்களுக்கு ஆண்ட்ரூ-பீம்ஸ் வகை என்று சொல்வார்கள். ஆண்ட்ரூ 1958இல் முதலில் சுற்றியபோது நொடிக்கு ஆயிரம்கூட எட்டவில்லை. ஆன்ரியோவின் பம்பரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்ட்ரூவைக் குறை சொல்லவில்லை. உள்ளே மாதிரிப்பொருள் வேண்டும், வெளியே கம்பிச்சுருள் வேண்டும், எல்லாம் காந்தத்தின் இடுக்குக்குள் நிற்க வேண்டும், உலோகத்தால் செய்யவும் கூடாது. 1981இல் டோட்டி, எல்லிஸ் என்ற இருவர் நீள உருளையாக ரோட்டாரை அமைக்கும் விதத்தை விரிவாக எழுதினார்கள். இன்றைக்கு உள்ளவை அந்த உருளைச் சாதிதான்.

எஸ்டோனியாவை விட முடியாது. சோவியத் ஆட்சியில், மேற்கிலிருந்து நினைத்ததை வாங்க முடியாத காலத்தில், தாலின் நகரத்து ஆய்வுக்கூடத்தில் லிப்மாவும் சகாக்களும் தேவையான ரோட்டார்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1980இல் சிலிக்கேட் கனிமங்களின் அமைப்பைச் சிலிக்கான்-29 வைத்துப் படித்துக் காட்டினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையில் பெயருள்ள இளைஞர் சாமோசன் பிற்காலத்தில் 1,00,000 சுற்றைத் தாண்டிய ரோட்டார்கள் செய்தவர்களில் முன்னணி ஆள். லிப்மா வேறு ஒரு காரியமும் செய்தார். ஹிட்லரும் ஸ்டாலினும் 1939இல் செய்துகொண்ட ரகசிய உடன்பாடு உண்டு என்று மாஸ்கோவை ஒத்துக்கொள்ள வைக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். சின்னக் குழாயைக் கடைந்த நாடு, பெரிய பொய்யையும் உடைத்தது. இது விஷயத்தை விட்டு விலகல்தான், இருக்கட்டும்.

நோபல் கணக்கு பாருங்கள். என்.எம்.ஆர். சம்பந்தமாக 1952, 1991, 2002, 2003 என்று வரிசையாகக் கொடுத்தார்கள். சுழற்றியவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2003இல் வாங்கிய மான்ஸ்ஃபீல்ட் இருந்தது நாட்டிங்ஹாம். அந்த இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் அதே ஆண்ட்ரூ. அவர் 2001இலேயே காலமாகிவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். நான் எழுதிய நோட்டுகளுக்குக் கீழே வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டு, அது அவருடைய யோசனை என்று மேலே போய், ஒருமுறை பாராட்டுக் கடிதமும் வந்தது. கடிதத்தை ஃபைலில் வரிசை எண் போட்டுக் கோர்த்தவனும் நான்தான். அதை விடுங்கள், பழைய கதை. இப்போதைய கதை ஒன்று சொல்கிறேன்.

பேத்தியின் ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். 4 மி.மீ. ரோட்டாரைச் சுற்றிக் காட்டினாள். "விசில் கேட்கிறதா தாத்தா?" என்றாள். மெதுவாக ஆரம்பித்தபோது கேட்டது. நொடிக்குப் பன்னிரண்டாயிரம் என்று திரையில் வந்தபோது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை; வயசுக் காது அவ்வளவு மேல் சுருதியைப் பிடிக்காது. அவளுக்குக் கேட்டது. எண்ணிக்கை எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ரோட்டாரின் அடியில் பாதி வட்டத்துக்குக் கருப்பு மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒளி பட்டு, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று எண்ணுகிறது. கோடிக்கணக்கில் விலை போட்ட கருவி, கடைசியில் ஒரு மார்க்கர் பேனாவை நம்பி நிற்கிறது. கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் புரோமைடு உப்பை வைத்துச் சுற்றித் திருகாணியைத் திருப்புகிறார்கள். மாயக் கோணத்தைத் திருகாணியால்தான் பிடிக்க வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு டெக்னீஷியன் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ரோட்டாரைக் கையில் வாங்கி, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். எங்கள் ஆபீசில் ஒரு டைப்ரைட்டர் மெக்கானிக் இப்படித்தான். வராந்தாவில் நடந்து வரும்போதே எந்த மெஷினில் எந்த எழுத்து ஒட்டுகிறது என்று சொல்வார். டெக்னீஷியன் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்பவில்லை. போஸ்ட் சரண்டர் ஆகிவிட்டதாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, என் கையாலேயே அப்படி எத்தனை ஆர்டர் டைப் அடித்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு புதுப் பையன் 1.3 மி.மீ. ரோட்டாரில் பொடியைச் சமமாக அடைக்காமல், மூடியை முழுதாக அழுத்தாமல், அவசரத்தில் சுற்றிவிட்டான். உள்ளேயே நொறுங்கியது. தாங்கியும் போயிற்று. வெளிநாட்டுக்கு அனுப்பி, விலைப்பட்டியல் வாங்கி, கமிட்டி கூடி, கையெழுத்தாகி, திரும்பி வர ஏழு மாதம். பேத்தியின் ஆய்வு ஏழு மாதம் நின்றது. நம் நாட்டில் உள்ள பெரிய என்.எம்.ஆர். கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதிதான். வாங்கக் காசு எப்படியோ ஒதுக்கிவிடுகிறார்கள், திறப்பு விழாவுக்கு ரிப்பனும் வந்துவிடுகிறது. நகத்தால் தடவிப் பார்க்கிற ஆளுக்கு மட்டும் சம்பளம் இல்லை. ஏன் இருக்கும்? எல்லாம் மாயத்தால் நடக்கிறது, வேகம் தானாக ஏறுகிறது என்று மேடையில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஆள் எதற்கு என்றுதான் நிதித்துறையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தோன்றும். அந்தப் பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருந்தவன், சொல்கிறேன். அவனுக்கு ஃபைலில் பெயர் இருந்தால்தான் போஸ்ட் தெரியும்.

சொற்பொழிவாற்றிய தம்பி இதைப் படிக்க நேர்ந்தால் கோபிக்க வேண்டாம். உங்கள் பேச்சு நன்றாகவே இருந்தது. அந்தப் படத்தை மறுபடி எங்கேயாவது போடப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். அப்போது வேகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள். ஒன்று, குழாயின் விட்டம். இன்னொன்று, அதைக் கடைந்தவர்கள். பெயர் கிடைக்காவிட்டால் ஊரையாவது போடுங்கள்: பாங்கர், தாலின். பதில் எழுத விரும்பினால் கீழே எழுதலாம், எவ்வளவு நீளமானாலும் சரி.